பூட்டுப் போட்ட குறிப்புகள்

எங்கள் அலுவலகத்தில் பல வருடம் உழைத்த ஒரு பட்டனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த வேலையைத் தூக்கி என் தலையில் கட்டினார்கள். அதைச் செய்யப் போய்த்தான், கூடப் பிறக்காவிட்டாலும் அக்கா அக்கா என்று நான் உருகிய ஒருவர் என்னை எத்தனை வருடமாக ஏமாற்றிக்கொண்டிருந்தார் என்று தெரிந்துகொண்டேன். இதை நிதானமாக எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். நிதானம் வரவில்லை. வருகிறபடியே சொல்கிறேன்.

நாங்கள் அட்டைப் பெட்டி விற்கிறவர்கள். ஸ்கூடாயிலிருந்து கூலாய் போகிற வழியில் ஒரு தொழிற்பேட்டையில் அலுவலகம், பின்னால் கிடங்கு. பெட்டி, டேப், சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக், இதையெல்லாம் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறோம். சேல்ஸில் எட்டுப் பேர். ஏழு பேர் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு காடியில், அதாவது காரில், சுற்றுகிறவர்கள். எட்டாவது ஆள் நான். உள்ளேயே உட்கார்ந்து கொட்டேஷன் அடிக்கிறவள், போன் எடுக்கிறவள், லோரி ஏன் இன்னும் வரவில்லை என்று எல்லாரிடமும் திட்டு வாங்குகிறவள்.

பதினான்கு வருடமாக இதே நாற்காலி. எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை அங்குலப் பெட்டி, யாருக்கு இரண்டு அடுக்கு அட்டை, யாருக்கு மூன்று அடுக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. என் பெயர் போட்ட ஒரு கார்டு வேண்டும், நானும் வெளியே போய் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பெரிய ஆசை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு அது வேண்டியிருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். விற்பனையில் எப்போதும் முதல் இடம் அவருக்குத்தான். ஐம்பதைத் தாண்டியவர். செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவர், படிவம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பேச்சு! மலாயில் பேசுவார், சீனர்களோடு அவர்கள் ஹொக்கியனிலேயே பேரம் பேசுவார், காவல்காரரிலிருந்து முதலாளிவரை யாரையும் ஐந்து நிமிடத்தில் சிரிக்கவைத்துவிடுவார். பாசிர் கூடாங் பகுதி முழுக்க அவருடையது. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். ஸ்கூடாயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. காலையில் அவர் காடியில்தான் வேலைக்குப் போவேன், வழியில் நிறுத்தி இரண்டு பேரும் சேர்ந்துதான் பசியாறுவோம். பாருங்கள், இன்னமும் மரியாதையாகத்தான் எழுதுகிறேன். பழகிய நாக்கு மாறமாட்டேன் என்கிறது.

அவருக்கு வராத ஒன்று எழுத்து. இங்கிலீஷில் இரண்டு வரி மெயில் எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். அதனால் அவர் பெயரில் போகிற மெயில் எல்லாம் நான் எழுதினது. கொட்டேஷன் நான் அடித்தது. காடியில் வரும்போது அவர் சொல்லிக்கொண்டே வருவார், அலுவலகம் போனதும் நான் அடித்துவிடுவேன். இதை உதவி என்றுகூட நான் நினைத்ததில்லை. அக்கா வேலை என் வேலை, அவ்வளவுதான்.

இப்போது பட்டன். மெயிலைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பட்டி வரும். ஆட்-இன் என்பது அதன் பெயர், நாங்கள் பட்டன் என்றுதான் சொல்வோம். வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வந்ததும் அதை அமுக்கினால், மெயில் அவருடைய கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம். கட்டத்தின் மூலையில் ஒரு பூட்டுப் படம். பூட்டை அமுக்கிவிட்டு எழுதினால், எழுதினவரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. மேனேஜராலும் முடியாது.

எங்கள் ஆட்களின் உயிரே அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தது. அறிக்கையில் எழுத முடியாததையெல்லாம் அதில் எழுதுவார்கள். எந்த அதிகாரிக்கு மதியத்துக்குப் பிறகு போன் போட்டால் கோபம் வரும், எவர் போட்டிக் கம்பெனியோடு மீன் பிடிக்கப் போகிறார், இப்படி. அக்கா அதில் ஒரு முறையே வைத்திருந்தார். யாரிடம் என்ன பொய் சொன்னோம் என்பதை எழுதிவைப்பார். பெட்டி தாமதமானால் ஒரு தொழிற்சாலையில் லோரி பழுது என்பார், இன்னொன்றில் அட்டை கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்பார். இரண்டு வாரம் கழித்துக் குழம்பக் கூடாது அல்லவா? அதனால் 'சொன்னது' என்று ஆரம்பித்து, யாரிடம் என்ன என்று ஒரு வரி. மறந்தால் மாட்டிக்கொள்வோம், எழுதிவைத்துவிட்டால் நிம்மதி என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். தமிழில்தான் எழுதுவார், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். பூட்டு உடைந்தாலும் மேனேஜருக்கு ஒன்றும் புரியாது என்று கண்ணடிப்பார். நானும் கெக்கே பிக்கே என்று சிரித்திருக்கிறேன். அந்தப் பொய்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று நினைத்தவள் நான்.

வெளி வேலைக்கு நான் இரண்டு முறை முயன்றேன். முதல் முறை பெர்மாஸ் ஜெயா பகுதி காலியானபோது, இரண்டாம் முறை ஸ்கூடாய் பகுதி காலியானபோது. முயன்றேன் என்றால், நேரே மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. வேலை வேண்டுமென்றாலும் சரி, லீவு வேண்டுமென்றாலும் சரி, பெரிய ஆளாக ஒருவரைப் பிடித்துச் சொல்லிவைக்கச் சொல்வோம். தானே போய்க் கேட்பது நமக்கே கௌரவக் குறைச்சல் மாதிரி, கேட்டு இல்லை என்றுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு பயம். அக்கா இருக்கும்போது எனக்கு வேறு யார் வேண்டும்? இரண்டு முறையும் அக்காதான் போய்ச் சொன்னார். இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

முதல் முறை, உள்ளே உன் இடத்துக்கு ஆள் இல்லையாம் என்றார். இரண்டாம் முறை, சீன ஆள்தான் வேண்டுமாம் என்றார். எங்கள் மேனேஜர் சீனர். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் அந்த மனிதரிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சீனப் பெருநாளுக்கு எல்லாருக்கும் அவர் ஆரஞ்சு கொடுப்பார். என் பங்கை வீட்டுக்குக்கூட எடுத்துப்போகாமல் கிடங்கிலேயே கொடுத்துவிட்டுப் போவேன். அக்காதான் என் முதுகைத் தடவி, விடு, இந்தக் கம்பெனிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு என்று எனக்கும் சேர்த்துத் திட்டுவார்.

இந்த நிலையில்தான் அறிவிப்பு வந்தது. பழைய ஆட்-இன் இனிமேல் இயங்காது, எல்லாரும் புது இணைப்புக்கு மாற வேண்டும். புதியதில் பட்டனே கிடையாது. நாம் அமுக்க வேண்டியதில்லை, வருகிற மெயில் போகிற மெயில் எல்லாவற்றையும் தானே எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும். பூட்டும் கிடையாது. போதாக்குறைக்கு, கோப்பில் எந்த மொழியில் என்ன கிடந்தாலும் எல்லாவற்றையும் படித்து, இங்கிலீஷில் அரைப் பக்கம் சுருக்கி மேனேஜர் முன்னால் வைத்துவிடும். ஒத்திகையின்போது எங்கள் சேல்ஸில் இருக்கிற ஒரு மலாய் நண்பரின் பூட்டுப் போடாத குறிப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கம்பத்து மலாயில், கிராமத்துப் பேச்சில், அவர் கிறுக்கியிருந்தது அழகான இங்கிலீஷாக வந்து நின்றது.

பூட்டுப் போட்ட பழைய குறிப்புகளை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அழிப்பதா, புதியதற்குக் கொண்டுபோவதா என்று எழுதினவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கொண்டுபோனால் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், எல்லாமே தானாகப் போய்விடும். வெளியே சுற்றுகிற ஏழு பேருக்கும் இதற்கெல்லாம் நேரமில்லை என்று மேனேஜர் என்னைப் பொறுப்பாகப் போட்டார்.

கூட்டம் போட்டு விஷயத்தைச் சொன்னதும் ஏழு பேர் முகமும் வெளுத்துவிட்டது. உங்கள் குறிப்பில் ஒரு எழுத்தைக்கூட நான் படிக்க மாட்டேன், என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்றேன். ஆளுக்கு அரை மணி நேரம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், எங்கே அமுக்குவது என்று காட்டிவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன் என்றேன். அப்படியேதான் செய்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் பூட்டுக்குள் வைத்திருந்ததெல்லாம் நான்கு நம்பர் லாட்டரி எண்களாம், அவரே சொல்லிச் சிரித்தார். அந்த மலாய் நண்பர் ஒரு முரட்டு வாடிக்கையாளரின் மனம் இளக ஓத வேண்டிய துஆவை எழுதிவைத்திருந்தாராம், அழிக்க மனம் வராமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பேர் முடித்துவிட்டார்கள். அக்கா மட்டும் வரவில்லை. பாசிர் கூடாங்கில் ஆர்டர், நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுத்தார். செவ்வாய்க்கிழமை காலை காடியிலிருந்து இறங்கும்போது, பாஸ்வேர்டு எழுதிய ஒரு துண்டுத் தாளை என் கையில் திணித்தார்.

"நீயே பாத்து செஞ்சிடு லா. கஸ்டமர் பத்தினத மட்டும் வை, மத்தத அழிச்சிடு. உனக்குத் தெரியாததா அதுல என்ன இருக்கப் போவுது?"

அவர் வேண்டுமென்றே கொடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆர்டர் அவசரத்தில் மறந்துதான் போயிருப்பார். மறப்பதற்காகத்தானே எழுதிவைத்தார்.

அன்று மதியம் திறந்தேன். வரிசை வரிசையாக வந்தது. லோரி பழுது, அட்டை கப்பலில், மிஷின் ரிப்பேர். எனக்குச் சிரிப்பு வந்தது. வைக்க வேண்டியதற்கு ஒரு டிக், அழிக்க வேண்டியதற்கு ஒரு டிக் என்று போய்க்கொண்டிருந்தேன். அப்போது நடுவில் என் பெயர் தெரிந்தது. எவ்வளவு எழுத்து குவிந்து கிடந்தாலும் தன் பெயர் மட்டும் கண்ணில் குத்திவிடும். பெர்மாஸ் ஜெயா பகுதிக்கு ஆள் வேண்டும் என்று மேனேஜர் எல்லாருக்கும் அனுப்பியிருந்த பழைய மெயில், அதன் பக்கத்தில் பூட்டுப் போட்டு இரண்டு வரி. முதல் வரியில் என் பெயருக்குப் பிறகு:

'சொன்னது பாஸ்கிட்ட: அவளுக்கு வெளி வேலை வேணாமாம். மாமியாருக்கு முடியலயாம். சொன்னது அவகிட்ட: உள்ள ஆள் இல்லயாம்.'

என் மாமியார் அப்போது தினமும் காலையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்.

ஸ்கூடாய் பகுதி மெயிலைத் தேடினேன். அங்கேயும் இருந்தது. 'சொன்னது பாஸ்கிட்ட: ஹைவேல ஓட்ட பயமாம், வேணாம்னா. சொன்னது அவகிட்ட: சீன ஆள்தான் வேணுமாம்.'

அந்த வரியைப் படித்தபோது வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. மூன்று வருடம் ஒரு மனிதரை மனதுக்குள் சபித்திருக்கிறேன். என் வீட்டில், என் பிள்ளைகள் முன்னால், இந்த நாட்டில் நமக்கு எங்கேயும் கதவு திறக்காது என்று அந்த ஆளை உதாரணம் காட்டிப் பேசியிருக்கிறேன். அவர் பாவம், நான் வேண்டாம் என்றதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பச்சைத் துரோகம். கூட இருந்தே குழி பறித்திருக்கிறார், பறித்த குழிக்குக் கணக்காகக் குறிப்பும் எழுதியிருக்கிறார்.

மூன்றாவதும் ஒன்று இருந்தது. கூலாய் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டு நிற்கப்போவதாக முந்தைய வாரம்தான் மெயில் வந்திருந்தது. இந்த முறை விடப்போவதில்லை என்று நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். நானே பாஸ்கிட்ட பேசி வைக்கிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார். பேசித்தான் வைத்திருக்கிறார். 'சொன்னது பாஸ்கிட்ட: புது சிஸ்டம் அவளுக்குத்தான் தெரியும், உள்ளயே இருக்கட்டும். அவளும் வேணாம்கிறா.' அதற்குக் கீழே 'சொன்னது அவகிட்ட' என்று எழுதி, அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

என்னிடம் சொல்ல வேண்டிய பொய் இன்னும் தயாராகவில்லை. நான் திரையை மூடிவிட்டு, கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அவர் காடியில்தான் வீட்டுக்குப் போனேன். வேறு எப்படிப் போவது? வழக்கம்போல நெரிசல். அவர் மகளின் கல்யாணச் சேலையைப் பற்றி நிறையப் பேசினார். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு அந்தப் பொய் வரும், இன்றைக்கே வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வராமல் போய்விடாதா என்றும் ஒரு பக்கம் ஏங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சிக்னலில் நின்றபோது, சட்டென்று நினைவு வந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"கூலாய்க்கு வெளிய இருந்து ஆள் எடுக்கப் போறாங்களாம்டி. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கையை உதறியிருக்க வேண்டும். பரவாயில்லைக்கா என்று சொன்னேன். என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த இரண்டு நாள் எனக்குள் ஓடியதை மறைக்கப் போவதில்லை. நான் எதுவுமே செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை சும்மா இருந்தால் போதும். அக்காவின் குறிப்புகள் எல்லாம் தானாகப் போய்ச் சேரும், திங்கள் காலை மேனேஜர் மேசையில் சுத்தமான இங்கிலீஷில் கிடக்கும். என்னைப் பற்றிய பொய் மட்டுமா, பாசிர் கூடாங் முழுக்க அவர் அவிழ்த்துவிட்ட அத்தனையும். மனுஷி அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். அதை நினைத்து நினைத்து எனக்கு இனித்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் இனித்தது.

வியாழக்கிழமை, பதினான்கு வருடத்தில் முதன்முதலாக, நான் தனியாக மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். கூலாய் எனக்கு வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். போன வாரம்தானே வேண்டாம் என்றாய் என்றார். நான் சொல்லவில்லையே என்றேன். அக்கா சொன்னாரே என்றார். என்னை ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பெண்கள் மாதிரி, அவளைக் கேட்டால் உன்னைக் கேட்ட மாதிரிதானே என்றார். குறிப்புகளைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், பூட்டுக்குள் இருந்ததை நான் படித்தேன் என்றாகும். ஆறு பேர் என்னை நம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். விழுங்கிக்கொண்டேன். நாளை மூன்று மணிக்கு இரண்டு பேரும் வாருங்கள், பேசி முடிவு செய்யலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அக்காவை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். துண்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்து, உங்களுடையதை நீங்களே செய்யுங்கள் என்றேன். அவரை அப்படியே ஐந்து மணிவரை விட்டிருக்கலாமே என்று பிறகு என் கணவர் கேட்டார். முடியவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த முறை நான் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை.

அவர் அலுத்துக்கொண்டே ஆரம்பித்தார். டிக், டிக் என்று வேகமாகப் போனவர் பெர்மாஸ் ஜெயா மெயிலில் வந்து நின்றார். விரல் நின்றுவிட்டது. அழுவார், காலில் விழுவார், ஏதாவது ஒரு காரணம் சொல்வார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"படிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணியே. உன் புள்ளைங்க மேல."

என்னைக் கொன்று போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாஸ்வேர்டு கொடுத்து, பார்த்துச் செய் என்றது நீங்கள்தானே என்றேன். குற்றவாளி மாதிரி நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், பாருங்கள். அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. நீ வெளியே போயிட்டா என் மெயிலை யார் எழுதுவது, கொட்டேஷனை யார் அடிப்பது, எனக்கு நாலு வரி இங்கிலீஷ் வராது என்று வெளியே தெரிந்தால் இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான், மகள் கல்யாணம் வேறு நிற்கிறது என்று அடுக்கினார். பொய் இல்லை, எல்லாம் உண்மைதான். அதுதான் இன்னும் எரிந்தது. என்னிடம் சொல்லக்கூடிய உண்மை ஒன்று அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

"கேட்டிருந்தா நானே இருந்திருப்பேனேக்கா," என்றேன். "உங்களுக்காக இருந்திருப்பேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இருந்திருப்பேனா என்று இப்போது தெரியவில்லை. அப்போது நிச்சயம் இருந்திருப்பேன் என்றுதான் தோன்றியது. அவர் மவுஸைப் பிடித்து, அந்த மூன்றுக்கும் மிச்சம் இருந்ததுக்கும் டிக் போட்டு, அழி என்பதை அமுக்கினார். நிச்சயமா என்று திரை கேட்டது. நான் கையை நீட்டித் தடுத்திருக்கலாம். எழுதினவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னவளே நான்தான். அமுக்கினார். போய்விட்டது. பழசு, விடு என்று சொல்லி எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். மேசை மேல் கூலாய் தொழிற்சாலைகளின் பட்டியல். அவர் அக்காவைப் பார்த்து, இவளுக்கு வேண்டாம் என்று நீ சொன்னாய், வேண்டும் என்று இவள் சொல்கிறாள், எது சரி என்று கேட்டார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அத்தனை நடந்த பிறகும் அப்படி நினைத்தேன், என்னைப் போல ஒரு ஏமாளி இருக்க முடியாது.

அக்கா காவல்காரர்களிடம் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார்.

"அப்ப வேணாம்னுதான் சொன்னா பாஸ். இப்ப மனசு மாறிட்டா போல."

மேனேஜருக்கு நிம்மதி. ஊழியர்கள் சண்டையில் அவர் எப்போதும் தலையிட மாட்டார். சண்டை என்று தெரிந்தால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வெளியே ஆள் தேடுவார், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இல்லை, இவர் பொய் சொல்கிறார் என்று நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அழிந்துபோனது என் மேசையில், என் கண் முன்னால்.

மேனேஜர் பேனாவைத் திறந்து பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டார். அதில் என் பெயரை எழுதுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி, அப்படியென்றால் முதல் இரண்டு தடவையும் வேண்டாம் என்று சொன்னது நீதானே என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"ஆமா பாஸ்," என்றேன். "நான்தான் சொன்னேன்."